மழலைக்கு ரொட்டி

ஹைதராபாதிலும் சிகந்தராபாதிலும் குடியேறிய நம்மவர் இல்லங்களில் காலைப் பலகாரம் இன்றும் இட்டிலியாகவே இருக்கலாம். மாலை வேளையிலோ இவ்வூர் வழக்கம் மெல்லப் புகுந்துவிட்டது. இரானித் தேநீரும், அதில் தோய்த்துண்ணும் உஸ்மானியா பிஸ்கோத்தும் நமக்கும் பழகிவிட்டன. கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் பெயரைத் தாங்கிய அப்பிஸ்கோத்து, இனிப்பும் உப்பும் ஒருங்கே நாவில் படும் நயமான பண்டம். அதில் குறைகாண நமக்கு மனமில்லை. ஆனால், மடியில் அமர்ந்திருக்கும் ஏழு மாதக் குழந்தை கையை நீட்டியதும், பெரியவர் ஒருவர் தம் கோப்பையில் தோய்த்த துண்டை அதன் வாயில் வைத்துவிடுகிறாரே, அதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

தாயின் கருவில் சேமித்த இரும்புச் சத்து குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு மாதம் வரை போதும். பிறகு அஃது ஆகாரத்தின் வழியே கிடைத்தாக வேண்டும். தேயிலையின் துவர்ப்புப் பொருளோ, உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்காதவாறு தடுக்கிறது. மைதாவில் இரும்பும் குறைவு. சின்னஞ்சிறு வயிறு பிஸ்கோத்தால் நிரம்பிவிட்டால், பருப்புக்கும் முட்டைக்கும் இடம் ஏது? ஊரில் என்றால் பாட்டியோ பெரியம்மாளோ கஞ்சி காய்ச்சிப் பொறுமையாக ஊட்டுவார்கள். இங்கே தாயும் தந்தையும் அலுவலகம் புறப்படும் அவசரத்தில் ரொட்டிப் பொட்டலமே எளிய துணையாகிவிடுகிறது. அதை நாம் பழிக்கவில்லை. முறையறிந்து கொடுத்தால் ரொட்டியும் நல்ல உணவே.

முறையை அறிய நாம் தொலைவு போக வேண்டியதில்லை. நம் நகரின் தார்நாக்காவில் தேசிய ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதுவும் நம்மைப் போலவே தமிழ் மண்ணிலிருந்து இங்கு வந்து குடியேறியதுதான்! 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம், 1958-ல் ஹைதராபாத் வந்து சேர்ந்தது. 1960-களில் அதன் இயக்குநராக விளங்கிய டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். இந்நிலையம் 2024-ல் வெளியிட்ட உணவு நெறிகளிலும், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பதும், அதன்பின் வீட்டில் சமைத்த குழைவான உணவைத் தாய்ப்பாலோடு சேர்த்துத் தர வேண்டும் என்பதும் வற்புறுத்தப்பட்டுள்ளன.

ஆகவே ரொட்டி முதல் உணவாக வேண்டாம். கோதுமை சில குழந்தைகளுக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஆயினும் அதற்கு அஞ்சி ஒரு வயது வரை ஒத்திப்போடுவதால் பயனில்லை என்பதே இக்கால மருத்துவர் கருத்து. கடை ரொட்டியில் பால், முட்டை, எள் முதலியன கலந்திருக்கக்கூடும். எது ஒவ்வவில்லை என்று பின்னர் பிரித்தறிவது கடினம். ரவைக் கஞ்சியில் முதலில் கோதுமையைப் பழக்கினால் இத்தொல்லை இல்லை. காலை வேளையில் ஒரு சிறு கரண்டி கொடுத்து, இரண்டு மூன்று நாள் வேறு புதிய உணவு சேர்க்காமல் கவனிக்கலாம். தோலில் தடிப்பு, உதடு வீக்கம், தொடர்ந்த வாந்தி ஆகியன தோன்றினால் நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். மூச்சு இரைத்தால் சிறிதும் தாமதிக்கலாகாது. கடுமையான கரப்பான் உள்ள குழந்தையாயின், தொடங்குமுன்பே மருத்துவரைக் கேட்பது நலம்.

இனி ரொட்டியின் வடிவம். மெத்தென்ற வெள்ளை ரொட்டியே பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது. அது எச்சிலில் ஊறிப் பசைபோல் உருண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், தொண்டையையும் அடைக்கும். கோதுமை ரொட்டியைத் தோசைக்கல்லில் இலேசாக வாட்டி, கெட்டியான ஓரத்தை நீக்கி, பெரியவர் விரலளவு நீளத்துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள். குழந்தை அதனைப் பிடித்து ஈறுகளாலேயே மென்று கரைத்துக்கொள்ளும். பல் முளைக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. மேலே மசித்த பருப்பையோ, வெந்த முட்டையின் மஞ்சட்கருவையோ மெல்லப் பூசினால், ரொட்டியில் இல்லாத சத்தும் சேர்ந்துவிடும். தேன் மட்டும் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் குழந்தையின் தசைகளைத் தளரச்செய்யும் கொடிய நோயைத் தரவல்லது.

உப்பையும் மறக்கலாகாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 1 கிராமுக்கும் குறைவான உப்பே தகும் என்பது பிரிட்டிஷ் மருத்துவர் கணக்கு. கடை ரொட்டி 100 கிராமில் ஏறத்தாழ 1 கிராம் உப்பு இருப்பது சாதாரணம். எனவே நாளைக்கு ஒரு துண்டு போதும்.

ரஸ்க் கடித்தால் கூரிய சில்லுகளாக உடையும். தாய்ப்பாலில் ஊறவைத்து மசித்தாலன்றி ஆகாது, அப்போதும் அதிலுள்ள சர்க்கரை இருக்கவே செய்யும். நான் ரொட்டியின் இழுவைத்தன்மை மழலையின் ஈறுக்கு ஒவ்வாது. 1953-ல் சிந்து நாட்டிலிருந்து வந்த கான்சந்த் ராம்னானி மொஅஸ்ஸம் ஜாஹி மார்க்கெட்டில் தொடங்கிய கராச்சி பேக்கரியின் பழ பிஸ்கோத்தை ஊருக்குப் போகும்போது நாம் பெட்டி பெட்டியாக வாங்கிச் செல்கிறோம். அது உறவினர்க்கு, தொட்டில் குழந்தைக்கு அன்று.

எந்த ரொட்டியானாலும் குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, எதிரே அமர்ந்துதான் ஊட்ட வேண்டும். தவழும்போதும் வண்டியில் போகும்போதும் கையில் துண்டைக் கொடுத்துவிடக் கூடாது. முகம் சிவந்து, ஓசையோடு ஓக்களித்தால் பதற வேண்டாம். குழந்தை தானே வெளித்தள்ளிவிடும். ஓசையே எழாமல், அழவும் இயலாமல், உதடு நீலம் பாரித்தால் அதுவே அடைப்பு. வாய்க்குள் குருட்டுத்தனமாக விரல் விட்டுத் துழாவாதீர்கள். துண்டு மேலும் உள்ளே போய்விடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கத் தாங்கிக்கொண்டு, தோள்களுக்கிடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். வெளிவராவிடில் மல்லாத்தி, மார்பின் நடுவே 5 முறை அழுத்த வேண்டும். துண்டு வெளிவரும் வரை இரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டிருக்கையில், அருகிலிருப்பவர் 108-ஐ அழைக்கட்டும்.