11 என்ற எண் சொல்வது

குடும்பப் படங்களையும் திருமண வீடியோக்களையும் ஒரே இடத்தில் பத்திரமாக வைப்பதற்காக வீட்டுக்குள்ளேயே சிறியதொரு சேமிப்பு சர்வரை நிறுவுகிறவர்கள் உண்டு. நாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பெட்டி, அதற்குள் இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க், ரௌட்டருக்கு ஒரு கேபிள், அவ்வளவுதான். பயன்படுத்தத் தொடங்கியதும் எழும் முதல் மனக்குறை, கோப்பு நகர மாட்டேன் என்கிறது என்பது. அதற்குக் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் எதையாவது வாங்கச் சொல்பவை: ரௌட்டரை மாற்றுங்கள், எஸ்எஸ்டி போடுங்கள், பெட்டியையே மாற்றுங்கள். என் கட்சி வேறு. கோப்பு நகரும்போது திரையில் தெரியும் வேக எண்ணைப் படிக்கத் தெரிந்தால், கோளாறு எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் செலவில்லாமலே கண்டுபிடித்துவிடலாம். கணினி, கேபிள், ஸ்விட்ச், சர்வரின் செயலி, டிஸ்க் என்று கோப்பு கடந்துபோகும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனக்கென ஓர் உச்சவரம்பு இருக்கிறது. மொத்த வேகம் அவற்றில் மிகக் குறைந்ததைத் தாண்டாது. அந்த வரம்புகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளி இருப்பதால், எது தடுக்கிறது என்பதை எண்ணே காட்டிக்கொடுக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கேபிளையும் ரௌட்டரையும் விற்பவர்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள். கணினி கோப்பை நகர்த்தும்போது மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே ஆயிரம் மெகாபிட் எனப்படும் கிகாபிட் இணைப்பின் வரம்பு நொடிக்கு 125 மெகாபைட். முகவரி முதலான தலைப்புத் தகவல்களுக்குப் போக, கோப்புக்குக் கிடைப்பது 110 முதல் 118 வரை. இந்த எண் தெரிந்தால் கிகாபிட் வீட்டில் எந்தக் கோளாறும் இல்லை, சர்வர் தன் முழு வேகத்தில் ஓடுகிறது. திரையில் 11 என்று தெரிந்து, ஏறாமலும் இறங்காமலும் அங்கேயே நின்றால் அது வேறு கதை. 100 மெகாபிட் இணைப்பின் வரம்பு பன்னிரண்டரை மெகாபைட். நடைமுறையில் அது பதினொன்றை ஒட்டி நிற்கும். இப்படி ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது டிஸ்க்கின் குணம் அல்ல, செயலியின் குணமும் அல்ல. வழியில் எங்கோ ஓர் இணைப்பு நூறுக்கு இறங்கியிருக்கிறது. நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கிக் கிடக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். 1999இல் தரப்படுத்தப்பட்ட கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி அறுந்தாலோ, முனையில் சரியாகப் பதியாமல் போனாலோ, பல கருவிகள் புகார் எதுவும் சொல்லாமல் நூறுக்கு இறங்கிக்கொள்ளும். இணையம் வரும், வீடியோ ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு டெராபைட் படங்களை நகர்த்தும்போதுதான் இரண்டரை மணி நேர வேலை முழுதாக ஒரு நாளை விழுங்கும். தாமிரத்துக்குப் பதில் தாமிரப்பூச்சு பூசிய அலுமினியக் கம்பியில் செய்த மலிவான கேபிள்கள் மடித்தால் எளிதில் உடைந்துவிடும் என்பதால், மாற்றிப் பார்க்க வேண்டிய முதல் பொருள் கேபிள்தான். அதற்கு முன்பே, கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 1000 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா என ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

மற்ற எண்களுக்கும் இப்படியே பொருள் உண்டு. 35 முதல் 40க்குள் நின்றால், வெளி டிஸ்க் யுஎஸ்பி 2.0 துளையில் செருகப்பட்டிருக்கக் கூடும். 480 மெகாபிட் என்று எழுதியிருந்தாலும் கோப்புக்குக் கிடைப்பது அவ்வளவுதான். 2018இல் வந்த ராஸ்பெர்ரி பை 3பி+ என்ற சிறு கணினிப் பலகையில் கிகாபிட் துளை இருந்தும், அது யுஎஸ்பி 2.0 வழியாகவே செயலியை அடைந்ததால் சுமார் 300 மெகாபிட்டைத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டு வந்த நான்காவது பதிப்பில்தான் உண்மையான கிகாபிட் கிடைத்தது. வைஃபையில் 866 மெகாபிட் என்று லேப்டாப் காட்டுவது அலையின் வேகம். கோப்பின் வேகம் ஏறக்குறைய அதில் பாதி. சர்வரும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு துணுக்கும் காற்றில் இரண்டு முறை போக வேண்டியிருப்பதால், அந்தப் பாதியும் பாதியாகும். சர்வரையாவது கேபிளில் இணைத்துவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

நிலையாக நிற்காத எண்களைப் படிப்பது கொஞ்சம் கடினம். 110இல் தொடங்கிச் சில நொடிகளில் சரிந்தால், சர்வர் முதலில் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, அது நிரம்பியதும் டிஸ்க்கின் உண்மையான வேகத்துக்கு வந்திருக்கிறது என்று பொருள். பல கிகாபைட் நன்றாக ஓடிய பிறகு இருபதுக்கும் முப்பதுக்கும் விழுந்து, சில மணி நேரம் ஓய்வு கொடுத்தால் பழைய வேகத்துக்குத் திரும்பினால், டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா என்று பார்க்க வேண்டும். ஓட்டுக்கூரையில் ஓர் ஓட்டின் விளிம்பு அடுத்த ஓட்டின் மேல் படிவதுபோல, இவற்றில் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதுகிறார்கள். அதனால் இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற அடுத்தடுத்த ஓடுகளையும் கழற்ற வேண்டியிருப்பதுபோல, ஒரு தடத்தை மாற்ற அருகிலிருப்பவற்றையும் திரும்ப எழுத வேண்டும். நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையின் சில டிஸ்க்குகள் இந்த வகை என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2020இல்தான் வெளிப்படையாகச் சொன்னது. வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய செய்தி அது. பெட்டியில் எழுதியிருக்கும் கொள்ளளவை மட்டும் பார்த்து நாஸ் டிஸ்க் வாங்கக் கூடாது என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எண் மிகச் சிறியதாக இருந்தும் கோளாறே இல்லாத நிலையும் உண்டு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி ஆகிறது. தேவையான இடம் படிக்கும் முனையின் கீழ் வருவதற்குச் சராசரியாகப் பாதிச் சுற்று, முனை நகர்வதற்கு எட்டோ ஒன்பதோ மில்லிநொடி; ஆக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளில் நொடிக்கு எண்பதைத்தான் தொட முடியும். ஒவ்வொன்றும் 20 கிலோபைட் என்றால் மொத்த வேகம் இரண்டு மெகாபைட்டைக்கூட எட்டாது. இதுபோக, ஒவ்வொரு கோப்பையும் திறக்கவும் மூடவும் கணினியும் சர்வரும் தனித்தனியே செய்தி பரிமாறிக்கொள்ள வேண்டும். கேபிளை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்பினால் எண் சட்டென ஏறுவதைப் பார்க்கலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு கோளாறுகள் இருந்தால் எண் ஏமாற்றிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, 11இல் நிற்கும் கேபிளுக்குப் பின்னால் சோர்ந்துபோன டிஸ்க் ஒளிந்திருக்க முடியும். அதற்கு வழி, பாதையைத் துண்டாக்கி அளப்பது. ஐபெர்ஃப்3 என்ற இலவச நிரல் டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். சர்வருக்குள்ளேயே ஒரு பெரிய கோப்பை எழுதிப் பார்த்தால் டிஸ்க்கின் வேகம் தனியே தெரியும். இரண்டும் நன்றாக இருந்து, கோப்பு மட்டும் மெதுவாகப் போனால், என்க்ரிப்ஷன் செய்யத் திணறும் பழைய செயலியைச் சந்தேகிக்கலாம். இப்படி அளக்காமல் ஜம்போ ஃபிரேம் போன்ற அமைப்புகளை மாற்றுவது வீண். ஒவ்வொரு துணுக்கின் அளவும் 1500 பைட்டிலிருந்து 9000 பைட்டுக்குப் போனால் கிகாபிட்டில் கிடைக்கும் லாபம் நூற்றுக்கு நான்கைந்து மட்டுமே. வழியில் ஒரு கருவி அதை ஏற்காவிட்டால் பரிமாற்றமே நின்றுபோகும்.

இரவில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்குமே, வேகத்துக்காக இவ்வளவு பாடா என்பவர்களும் உண்டு. நேரம் மட்டுமே பிரச்சினை என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் சேதமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் டிஸ்க்கும் வெளியே மெதுவாகத்தான் தெரியும்: எண் சில நொடி பூஜ்யத்தில் நிற்கும், பிறகு ஏறும், மறுபடி நிற்கும். இந்த நடையைக் கண்டால் டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் மாற்றியமைக்கப்பட்ட செக்டர்கள், நிலுவையிலுள்ள செக்டர்கள் என்ற இரண்டு வரிகளைப் பார்க்க வேண்டும். அவை பூஜ்யமாக இல்லாமல் நாளுக்கு நாள் கூடினால், வேகத்தை ஆராய்வதை அங்கேயே நிறுத்திவிட்டு, வேறெங்கும் பிரதி இல்லாத படங்களை முதலில் இன்னொரு டிஸ்க்குக்கு எடுத்துவிட வேண்டும்.