துக்கத்திற்குத் துணை

மாரண்டஹள்ளியை அடுத்த ஒரு சிற்றூரில், கருமாதி முடிந்த மறுநாள் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். பந்தலைப் பிரித்துவிட்டார்கள். வாடகை நாற்காலிகளும் போய்விட்டன. முதல் நாள் ஊரே உண்ட வாசலில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. மகனைப் பறிகொடுத்த அம்மையார் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இனிமே அவன் பேச்சை எடுக்க யாருங்க இருக்காங்க?"

நம் முன்னோர் துக்கத்தை ஒருவர் தலையிலேயே சுமத்தியவர்கள் அல்லர். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் தழுவி, வட்டமாக அமர்ந்து ஒப்பாரி வைப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அங்கே அழ வந்தவள், தான் என்றோ இழந்த தாயையும் தமையனையும் சேர்த்தே அழுது தீர்க்கிறாள். ஆனால் அந்த வட்டம் பதினாறாம் நாளோடு கலைந்துவிடுகிறது. அதன் பின்னர் வரும் மாதங்களே கொடியவை.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து மருத்துவமனையில் 1968-ஆம் ஆண்டு இரண்டு சிறுவர்கள் அடுத்தடுத்து இறந்தனர். அங்கே பணிபுரிந்த சைமன் ஸ்டீபன்ஸ் என்னும் இளம் பாதிரியார் ஒன்றைக் கவனித்தார். தாம் மொழிந்த ஆறுதலைக் காட்டிலும், அவ்விரு சிறுவர்களின் பெற்றோரும் தமக்குள் பேசிக்கொண்டதே அவர்களைத் தேற்றியது. 1969-இல் 'கம்பாஷனேட் பிரண்ட்ஸ்' என்னும் சங்கம் இவ்வாறு தோன்றிற்று. நம் நாட்டிலோ, 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். அவர்களுடைய பெற்றோர் ஆண்டுதோறும் அந்நாளில் கூடிப் படங்களின் முன் விளக்கேற்றி வந்திருக்கின்றனர். அவர்களை அப்படிக் கூடும்படி யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இத்தகைய குழுவுக்குப் பொருட்செலவு இல்லை. எட்டுப் பேர், ஒரு திண்ணை, மாதம் இருமுறை ஒரு மணி நேரம், இவை போதும். நடத்துபவர் தாமும் இழந்தவராயிருப்பது நலம். ஆனால் அவருடைய புண் சற்றே ஆறியிருக்க வேண்டும். இறந்தவரின் பெயரைத் தயங்காமல் சொல்லலாம். எவருடைய துயரம் பெரியது என்று எடை போடலாகாது. அங்கே கேட்டது அங்கேயே நிற்க வேண்டும். எல்லாவற்றினும் கடினம், அறிவுரை கூறாதிருத்தல்! "எல்லாம் விதி, மனத்தைத் தேற்றிக்கொள்" என்று நாம் அனைவரும் சொல்லிப் பழகியவர்கள், நானும் சொல்லியிருக்கிறேன். பேச விரும்பாதவர் வாளாவிருக்கலாம். அவர் வந்து அமர்ந்ததே பேச்சுத்தான். வாரக்கணக்கில் உணவும் உறக்கமும் இன்றிக் கிடப்பவரையும், உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகக் கூறுபவரையும் தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே திண்ணைப் பேச்சு மட்டும் போதாது.

தர்மபுரி மாவட்டத்தார்க்கு இது புதிய வித்தையன்று. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முதன்முதல் கால்கொண்டது இம்மாவட்டத்தில்தான். பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வட்டமாக அமர்ந்து, சேமித்ததையும் கடன் பட்டதையும் ஒளிவின்றிப் பேசப் பழகினார்கள். ஒருத்தியின் தவணை தவறினால் அது அனைவர் கவலையும் ஆயிற்று. கடனைப் பற்றி வாய் திறப்பது, சாவைப் பற்றிப் பேசுவதைவிட எளிதென்றா எண்ணுகிறீர்கள்?

அச்சிற்றூரிலும் அத்தகைய குழு ஒன்று உண்டு. கணக்கு நோட்டை மூடிய பிறகு அரைமணி நேரம் இதற்கென அமரலாமே என்று அதன் தலைவியிடம் கேட்டேன். அவரும் கணவரை இழந்தவர். சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "வர்ற செவ்வாய்க்கிழமை அந்தக்காவை நானே போய்க் கூட்டி வர்றேனுங்க" என்றார்.