சோழிக் கணிப்பும் தொல்வானியல் சான்றும்

துருக்கியின் கோபெக்லி தெப்பே தூண் சிற்பங்கள் தொல்பழங்கால வால்மீன் மோதலைக் குறிப்பன என 2017இல் முன்வைக்கப்பட்ட விளக்கத்தை அகழாய்வாளர்கள் ஏற்கவில்லை. உருவங்களுக்குப் பல பொருள் கொள்ள இயலும்; கணிப்பையோ வானத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கலாம்.

புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், சோழிகளைத் தரையில் பரப்பி, மனனம் செய்த வாய்பாடுகளைக் கொண்டே 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். ஜான் வாரன் ‘காலசங்கலித’ நூலில் பதிவுசெய்த இக்கணிப்பு தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழைபட்டது.

ஓட்டோ நாய்கெபவர் 1952இல் இம்முறையை ஆராய்ந்தார். நிலவின் வேகம் 248 நாள்களில் ஒன்பது முறை ஏறி இறங்கும் என்னும் அதன் அடிப்படை, பாபிலோனிய வானியலிலும் காணப்படுவது. ஆகவே, தொல்வானியலறிவுக்குச் சிற்பத்தினும் உறுதியான சான்று சோதிக்கத்தக்க எண்ணே. அதனைத் தாங்கிய வாய்மொழி மரபைப் பதிவுசெய்தல், சுவடிப் பாதுகாப்புக்கு இணையான பணியாகும்.