பழந்துப்பாக்கியின் ஆதி மெருகு

பழைய ஆயுதங்களைச் சேகரிப்போரிடையே வெளியார் கண்ணுக்கு விசித்திரமாகத் தோன்றும் ஒரு நியாயம் வழங்கி வருகிறது. நிறம் மங்கிப் பழுப்பேறி, ஆங்காங்கே வெறும் இரும்பு தெரிய நிற்கும் துப்பாக்கிக்குப் பெருந்தொகை கொடுக்கச் சித்தமாயிருப்பவர்களே, அதே இனத்துத் துப்பாக்கியொன்று பளபளவென்று வந்து நின்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ‘இதற்கு மெருகு போட்டவன் யார்?’ என்று கேட்பார்கள். அவர்கள் மதிப்பது ஆலையில் ஏறிய ஆதி மெருகை மட்டுமே. அதை அறியும் வகைக்கு, ‘கோல்ட் நேவி’ என்னும் 1851-ஆம் ஆண்டு மாதிரிச் சுழல்துப்பாக்கி நல்ல உதாரணம்.

அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரத்து சாமுவேல் கோல்ட்டின் ஆலையிலிருந்து 1873 வரையில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டு வெளிவந்த அத்துப்பாக்கிக்கு ஒரே நிறம் கிடையாது. எட்டுப்பட்டைக் குழலுக்கும் ஆறு அறைகள் கொண்ட உருளைக்கும் ஆழ்ந்த நீலம்; நடுச்சட்டத்துக்கும் குதிரைக்கும் குண்டு கெட்டிக்கும் நெம்புகோலுக்கும், எலும்புக்கரியில் புதைத்துப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துவதால் உண்டாகும் மேகவர்ணம்; பித்தளைப் பாகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளி முலாம்; திருகாணிகளுக்குத் தீயில் வாட்டிய பிரகாசமான நீலம். எனவே, தலைமுதல் அடிவரை ஒரே கருமையாக மின்னும் ‘நேவி’ கைக்கு வந்தால், பிற்காலத்து ரசாயன உப்புத் தொட்டியில் அது முழுகி எழுந்திருக்கிறதென்று பெரும்பாலும் தயக்கமின்றிச் சொல்லிவிடலாம்.

தேய்மானத்துக்கும் ஒரு தர்மம் உண்டு. தோலுறையில் உரசும் குழல்வாயிலும் உருளையின் விளிம்பிலும் நீலம் முதலில் போகும். மேகவர்ணமோ வெயிலிலும் கைபட்டும் வெளுத்துச் சாம்பலாகி, நெம்புகோலின் நிழல் விழும் மூலைகளில் மட்டும் ஒளிந்து வாழும். இந்தக் கிரமத்துக்கு மாறாக, உரசும் இடம் புதிதாகவும் மறைந்த இடம் வெறுமையாகவும் இருந்தால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நிறத்தை மாத்திரம் நம்புவது பேதைமை. கெட்டிக்காரத் தொழிலாளி பழுப்பைக்கூடப் புதிதாய் உண்டாக்கிவிடுவான். அவனால் திரும்பக் கொண்டுவர இயலாதது ஒன்றே: சாணைச் சக்கரம் தின்றுவிட்ட இரும்பு. புது மெருகு ஏறவேண்டுமானால் பழைய துருவைத் தேய்த்தெடுக்க வேண்டும். தேய்த்தால் எட்டுப்பட்டையின் கூரிய முனைகள் மழுங்கும், திருகாணித் துளைகளின் வாய் பள்ளமாகும், குழலின்மேல் பொறித்த கோல்ட்டின் பெயரும் விலாசமும் ஒருபுறம் ஆழமாகவும் மறுபுறம் தேய்ந்தும் நிற்கும். எல்லாவற்றிலும் முந்திச் சாட்சி சொல்வது உருளைதான். 1843-ஆம் ஆண்டு மே 16-ஆம் தேதி காம்பெச்சே கடலில் டெக்ஸாஸ் கப்பல்களும் மெக்ஸிகோ கப்பல்களும் பொருதிய காட்சியை, பணநோட்டுச் சித்திரங்கள் செதுக்கிய ஆர்ம்ஸ்பி என்பவர் அச்சாக வடித்துக் கொடுக்க, அதை உருளையின்மேல் அழுத்தி உருட்டி எடுத்தார்கள். அந்தக் கோடுகள் மிக மெலிந்தவை. சாணையைச் சற்று அழுத்திப் பிடித்தாலே பாய்மரக் கயிறுகள் மறைந்து, கப்பல்கள் அலையில் கரைந்துபோகும். காட்சி அழிந்த உருளையின்மேல் நீலம் மட்டும் புத்தம்புதிதாக இருக்கக் காரணம் ஏது?

அதற்கடுத்தது துருக்குழி. மெருகு முன்னது, துரு பின்னது. ஆதலால் ஆதி மெருகுள்ள துப்பாக்கியில் துரு நீலத்தைத் தின்றுவிட்டுக் குழியைப் பழுப்பாகவோ வெறும் இரும்பாகவோ விட்டிருக்கும். குழியின் அடிவரையில் நீலம் இறங்கியிருந்தால், துருப்பிடித்த பிறகே நீலம் ஏறியதென்று தீர்மானித்துவிடலாம். பூதக்கண்ணாடியும் ஜன்னல் வெளிச்சமும் போதும், இந்தப் பரீட்சைக்கு.

பாட்டன் காலத்துத் துப்பாக்கி பரணில் கிடைத்ததென்று மகிழ்ந்து, விற்பதற்கு முன்னே மணற்காகிதத்தால் தேய்த்து ‘அழகாக்கி’க் கொண்டுவரும் புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் செய்திருக்க வேண்டியதெல்லாம், மெல்லிய துணியில் சிறிது எண்ணெய் தோய்த்து ஒருமுறை துடைத்துவிட்டு, திருகாணி ஒன்றையும் தொடாமல் அப்படியே எடுத்துவருவதுதான்.