நம்மாளு ஹார்பரா... விஷக்காரி வைப்பரா? கோவைப் பசங்களின் ஓயாத வழக்கு!

சனிக்கிழமை ராத்திரி. பீளமேட்டில் ஒரு ஹாஸ்டல் அறை, காந்திபுரத்தில் ஒரு கேமிங் சென்டர், பொள்ளாச்சியில் ஒரு வீட்டு மாடி. இருக்கும் இடம் வேறு வேறு என்றாலும் ஹெட்செட்டுக்குள் ஐந்து பேரும் ஒரே அணி. ஆட்டம் தொடங்க இன்னும் சில விநாடிகள். ஒருவன் ஹார்பரைத் தேர்ந்தெடுக்கிறான். உடனே ஒரு குரல்: ''ஏனுங்ண்ணா, மறுபடியும் ஹார்பரா? வைப்பர் எடுங்ண்ணா, ஜெயிக்கணும்ல!''

''நம்மாளுடா அவரு!''

''நம்மாளா இருந்தா போதுமா?''

வாலரண்ட் விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த வழக்கு அடிக்கடி கேட்கும். பக்கத்து அறையில் சீரியல் பார்க்கும் அம்மாவுக்கு, 'யாரு இந்த வைப்பர், எதுக்கு இத்தனை சண்டை?' என்று தோன்றும். ஆனால் இந்தச் சண்டைக்குள் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது. இருவரில் யார் பெட்டர் என்பதை எதை வைத்துச் சொல்வது?

முதலில் ஆட்டம் என்னவென்று...

வாலரண்ட், அமெரிக்காவின் ரயட் கேம்ஸ் நிறுவனம் 2020 ஜூன் 2-ம் தேதி வெளியிட்ட கம்ப்யூட்டர் கேம். அணிக்கு ஐந்து பேர். ஓர் அணி 'ஸ்பைக்' என்ற வெடிகுண்டை வைக்க வேண்டும். இன்னோர் அணி அதைத் தடுக்க வேண்டும், அல்லது வைத்த பிறகு செயலிழக்க வைக்க வேண்டும். ஸ்பைக்கை வைக்க 4 விநாடி. வைத்தபின் வெடிக்க 45 விநாடி. செயலிழக்க வைக்க 7 விநாடி. 13 ரவுண்டுகளை முதலில் ஜெயிக்கும் அணிக்கு வெற்றி. 12-12 என்று சமமானால் கூடுதல் ரவுண்டுகள்.

ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ போல ஒரு தீவில் குதித்து கடைசி ஆளாக நிற்கும் ஆட்டமல்ல இது. கபடிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். யார் ரெய்டு போவது, யார் கோட்டைக் காப்பது என்று அணிக்குள் வேலை பிரித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வேலைகளில் ஒன்று 'கன்ட்ரோலர்'. எதிரியின் கண்ணை மறைத்து, மைதானத்தைக் கூறுபோட்டு, நம் ஆட்கள் பயமில்லாமல் நடக்க வழி செய்வது. ஹார்பர், வைப்பர் இருவருமே கன்ட்ரோலர்கள். இருவருமே நீளமான திரைச்சுவர் எழுப்புகிறவர்கள். ஒப்பீடு வருவதற்குக் காரணமே அதுதான்.

இவர் தண்ணீர், அவர் விஷம்

வைப்பர் ஆட்டம் வெளிவந்த நாளிலிருந்தே இருப்பவர். கதைப்படி அமெரிக்க வேதியியல் விஞ்ஞானி, பெயர் சபீன். பச்சை நிற விஷப்புகைதான் அவருடைய ஆயுதம்.

ஹார்பர் வந்தது 2022 அக்டோபர் 18-ம் தேதி. கதைப்படி இந்தியக் கடற்கரையைச் சேர்ந்தவர். பெயர் வருண் பத்ரா. பழங்காலக் கருவி ஒன்றின் துணையோடு தண்ணீரை ஆள்பவர். கொரியா, பிரேசில், துருக்கி என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வீரர் வந்துகொண்டிருந்த வரிசையில் இந்தியாவுக்கு எப்போது வரும் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த அக்டோபர் ஒரு தீபாவளி. அடுத்த ஆண்டே மும்பையைச் சேர்ந்த குளோபல் ஈஸ்போர்ட்ஸ் அணி, ஆசிய பசிபிக் பகுதிக்கான பெரிய லீகில் பத்து அணிகளில் ஒன்றாகக் களமிறங்கியது. நம் நாட்டுக்கு ஒரு வீரர், நம் நாட்டுக்கு ஓர் அணி.

ஆனால் கொண்டாட்டம் ஓய்ந்து, பசங்க ரேங்க் ஏற ஆரம்பித்ததும் ஹார்பரை எடுக்கும் கை குறைந்தது. ஏன்?

வாய்க்கால் தண்ணீரும் கிணற்று மோட்டாரும்

கொங்கு நாட்டு விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க ஒரு நிமிடம் போதும்.

பவானிசாகரிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து விடப்படும். ஒரு முறை ஒற்றைப்படை மதகுகளுக்கு, அடுத்த முறை இரட்டைப்படை மதகுகளுக்கு. நம் முறை வரும்போது தண்ணீர் வெள்ளமாக வரும். முறை முடிந்தால் மதகு மூடிவிடும், காத்திருக்கத்தான் வேண்டும். கிணற்று மோட்டார் அப்படியல்ல. வேண்டும்போது சுவிட்சைப் போடலாம், போதும் என்றால் நிறுத்தலாம். கிணறு வற்றினாலும் சற்றே விட்டால் மறுபடி ஊறிவிடும்.

ஹார்பர் வாய்க்கால், வைப்பர் கிணற்று மோட்டார்.

ஹார்பர் வெளிவந்தபோது இருந்த 'ஹை டைட்' என்ற தண்ணீர்ச் சுவரை எழுப்பினால் 15 விநாடி நிற்கும். பிறகு தானாக வடிந்துவிடும். அடுத்த சுவருக்குக் காத்திருக்க வேண்டும். வைப்பருக்கு ஓர் எரிபொருள் அளவு உண்டு. சுவர் எழும்பி நிற்கும்போது அது குறையும். இறக்கினால் மீண்டும் ஏறும். ஒரே ரவுண்டில் அதே சுவரை எழுப்பலாம், இறக்கலாம், எதிரி ஏமாந்த நேரம் பார்த்து மறுபடி எழுப்பலாம். 'இப்ப சுவர் எழும்புமா, எழும்பாதா?' என்ற பயத்திலேயே எதிரி அரை ரவுண்டை வீணாக்குவார்.

இரண்டாவது வித்தியாசம் வலி. ஹார்பரின் தண்ணீரைக் கடந்தால் கால் வேகம் குறையும், அவ்வளவுதான். வைப்பரின் விஷத்தைக் கடந்தால் உடல்நலப் புள்ளிகளே தற்காலிகமாகக் கரையும். ஒவ்வொருவருக்கும் 100 புள்ளிகள். முழுக் கவசம் வாங்கினால் இன்னொரு 50. 'வேண்டல்' துப்பாக்கியின் குண்டு உடம்பில் பட்டால் 40 புள்ளி போகும். அதாவது, முழுக் கவசத்தோடு நிற்பவர் விழ நான்கு குண்டு வேண்டும். விஷத்திலிருந்து வெளியே வருபவர் அதைவிடக் குறைவான குண்டிலேயே விழுந்துவிடுவார். வைப்பருக்குப் பயந்து எதிரி சுவருக்குள் கால் வைக்கவே யோசிப்பதும், ஹார்பரின் சுவரைத் துணிந்து தாண்டி வருவதும் இதனால்தான்.

ஹார்பர் ஜெயிக்கும் இடம்

அதற்காக நம்மாளு வெறும் அலங்காரமல்ல. வைப்பரின் சுவர் நேர்க்கோட்டில்தான் போகும். ஹார்பரின் சுவரையோ ஓடும்போதே வளைக்கலாம். ஒரு மூலையை மறைத்து, இன்னொரு வாசலைச் சுற்றி, நம் ஆட்கள் போகும் பாதையை மட்டும் திறந்துவிடலாம்.

'கோவ்' என்ற நீர்க்குமிழி இன்னும் விசேஷம். குண்டு துளைக்காத கவசம் அது. வெளிவந்த காலத்தில் அதன் பலம் 500 புள்ளிகள். கணக்குப் போட்டால், வேண்டல் குண்டு 13 பட்டால்தான் உடையும். ஸ்பைக் வைக்கும் 4 விநாடிக்கும் செயலிழக்க வைக்கும் 7 விநாடிக்கும் இது பெரிய துணை.

வைப்பருக்கு ஒரு பலவீனமும் உண்டு. அவர் செத்தால் சற்று நேரத்தில் அவருடைய சுவரும் விழுந்துவிடும். மோட்டார் சுவிட்ச் ஒரே ஆள் கையில் இருப்பதன் ஆபத்து அது. எதிரணியில் விவரமானவர்கள் இருந்தால் முதலில் தேடுவது வைப்பரைத்தான்.

மைதானமும் பேசும். 'பிரீஸ்', 'ஐஸ்பாக்ஸ்' போன்ற திறந்தவெளி மைதானங்களில் நீளச் சுவர் இல்லாமல் நடமாட முடியாது. வைப்பர் அங்கே ஏறக்குறைய கட்டாயம் என்று ஆனதற்கு அதுவே காரணம். இதில் ஒரு திருப்பமும் உண்டு. 2023-ல் தொழில்முறை அணிகள் சில மைதானங்களில் வைப்பரையும் ஹார்பரையும் ஒரே அணியில் சேர்த்தே இறக்கின. வைப்பர் நிரந்தரச் சுவராக ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, ஹார்பர் தண்ணீரை முன்னே விட்டு அணியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். யார் பெட்டர் என்று பசங்க மோதிக்கொண்டிருந்தபோது, பெரிய கோச்சுகள் இருவரையும் சேர்த்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நம்பர் சொல்லும் பாதிப் பொய்

''ஸ்டாட்ஸ் பாருடா!'' என்பதுதான் இந்த வழக்கில் கடைசி அஸ்திரம். ஹார்பரோடு மோதிய வைப்பர் எத்தனை முறை ஜெயித்தார், வெற்றி விகிதம் எவ்வளவு என்று ஸ்கிரீன்ஷாட் பறக்கும். அங்கே மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, நேருக்கு நேர் சுட்டுக்கொள்வதில் கதாபாத்திரத்துக்குப் பங்கு குறைவு. இருவருக்கும் அதே 100 புள்ளி, அதே துப்பாக்கிக் கடை. வேண்டல் குண்டு தலையில் பட்டால் எவ்வளவு தூரத்திலும் 160 புள்ளி போகும். முழுக் கவசம் போட்டவரும் ஒரே குண்டில் அவுட். அங்கே ஜெயித்தது வைப்பர் அல்ல. மவுஸைப் பிடித்த கை.

இரண்டு, எல்லோரும் எடுக்கும் கதாபாத்திரத்தின் வெற்றி விகிதம் தானாகவே 50 சதவீதத்தை நோக்கி வரும். இரண்டு அணியிலும் வைப்பர் இருந்தால், ஒரு வைப்பர் ஜெயிக்கும். இன்னொரு வைப்பர் தோற்கும். அந்த ஆட்டம் வைப்பரைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. மாறாக, யாரும் எடுக்காத ஹார்பரைப் பிடிவாதமாக எடுப்பவர் பெரும்பாலும் அவரை மாதக்கணக்கில் பழகியவராக இருப்பார். அவர் விகிதம் உயர்ந்து தெரிந்தால் அது ஹார்பரின் பெருமையா, பழகியவரின் பெருமையா?

மூன்று, சின்னக் கணக்கு பெரிய ஏமாற்று. பத்து ஆட்டத்தில் ஆறு ஜெயித்தால் 60 சதவீதம் என்று மார்தட்டுவோம். ஒரு காசைப் பத்து முறை சுண்டினாலே ஆறு அல்லது அதற்கு மேல் தலை விழ சுமார் 38 சதவீத வாய்ப்பு இருக்கிறது. காசுக்குத் திறமை கிடையாது.

சரியாக ஒப்பிட வேண்டுமானால் வழி எளிது. அதே மைதானம், அதே நண்பர்கள், கிட்டத்தட்ட அதே ரேங்க். இருவரையும் தலா நூறு ரவுண்டாவது ஆடி, எத்தனை பேரைச் சுட்டோம் என்பதோடு, நம் சுவர் நின்ற நேரத்தில் அணி இடத்தைப் பிடித்ததா என்பதையும் நோட்டில் குறிக்க வேண்டும். கன்ட்ரோலரின் சம்பளம் அந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது.

தீர்ப்பு மாறும் வழக்கு

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இங்கே வீரர்களின் பலமே அவ்வப்போது மாற்றி எழுதப்படும். வைப்பர் மிஞ்சிப் போகிறார் என்று 2024-ல் ரயட் அவருடைய கையைக் கட்டியது. வைத்த விஷப்புகைக் கருவியை ரவுண்டுக்கு நடுவில் எடுத்து வேறிடத்தில் வைக்கும் வசதி போய்விட்டது. ஹார்பரின் திறன்களும் முதலில் வந்தபடியே இப்போது இல்லை. ஆகவே போன வருடத்து ஸ்கிரீன்ஷாட்டை வைத்து இந்த வருடம் வாதாடினால் கேஸ் நிற்காது.

பையனிடம் கேட்க வேண்டிய கேள்வி

2022 டிசம்பரில் ஈஸ்போர்ட்ஸை மத்திய அரசு விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்த 2025 சட்டமும் ஈஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. அதனால் 'எல்லாம் சூதாட்டம்' என்று வீட்டில் ஒரே போடாகப் போட வேண்டியதில்லை. அதே நேரம் இது துப்பாக்கிச் சண்டை. அமெரிக்கத் தரநிர்ணயம் 13 வயதுக்கு மேல் என்கிறது. ஐரோப்பியத் தரநிர்ணயம் 16 என்கிறது. துப்பாக்கிக்குப் பளபளப்பான உறை வாங்கப் பணம் கேட்டால் ஒன்றைச் சொல்லிவிடலாம்: அது அழகுக்கு மட்டும், ஒரு புள்ளி பலம்கூட ஏறாது.

ஹார்பரை எடுத்ததற்காகத் திட்டு வாங்கும் பையனுக்கு உண்மையில் வலிப்பது தோல்வி அல்ல. தன் நாட்டு ஆளை எடுத்தது தப்பு என்று சொந்த நண்பனே சொல்வதுதான். அவனுக்கான பதிலும் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பாசத்துக்காக ஹார்பரை எடுக்கலாம், தப்பேயில்லை. ஆனால் எடுத்தபின் பாசம் மட்டும் போதாது. அந்தத் தண்ணீரை எங்கே வளைப்பது, எப்போது விடுவது என்று கற்றிருக்க வேண்டும்.

அடுத்த முறை ஹெட்செட்டோடு சத்தம் போடும் பிள்ளையிடம், ''ஜெயிச்சியா கண்ணு?'' என்பதற்குப் பதிலாக, ''உன் சுவர் நின்னப்ப உன் கூட்டாளிங்க உள்ள போனாங்களா?'' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் திகைத்து நிற்பான். பிறகு நாற்காலியைத் திருப்பி உங்களுக்கு எல்லாவற்றையும் விளக்க ஆரம்பிப்பான்.