காலிப் பணியிடமும் செய்திதான்

ஒரு பல்கலைக்கழகத்துக்குப் புதிய துணைவேந்தர் வந்தால் நாளிதழில் படத்துடன் செய்தி வருகிறது. அவருடைய பதவிக்காலம் முடிந்து, அடுத்தவர் நியமிக்கப்படாமல் இழுபறி நீடித்தால், சட்டமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை விவாதம் போகிறது. அதே பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் அனுபவமுள்ள பிரிவு அலுவலர்கள் ஓய்வுபெற்று, அந்த இடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடந்தால் அதை யாரும் பேசுவதில்லை. உள்ளே ஒரு பிரிவுபசார விழா நடக்கும், ஓர் அலுவலக ஆணை சுற்றுக்கு வரும், அத்தோடு முடிந்தது. யார் வந்தார், யார் போனார், எந்த இடம் காலி, எந்த வேலையை யார் ‘பொறுப்பு’ ஏற்றுப் பார்க்கிறார் என்ற விவரங்கள் அலுவலகத்தின் உள்விவகாரங்களாகவே கருதப்படுகின்றன. இந்தப் பழக்கம் மாற வேண்டும். நிர்வாகப் பிரிவின் பணியாளர் விவரங்களை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மாதந்தோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இத்தகைய விவரங்களைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே எதிர்பார்க்கிறது. அப்படிச் செய்யாமல் விட்டதற்கான விலையைத் தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்கள் கொடுத்துக்கொண்டும் இருக்கின்றன.

இந்தப் பிரிவு செய்யும் வேலையிலிருந்து தொடங்கலாம். பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டாளர், நிதி அலுவலர் ஆகிய மூவரும் ஒரு பல்கலைக்கழக நிர்வாகத்தின் தூண்கள். அவர்களுக்குக் கீழே துணைப் பதிவாளர், உதவிப் பதிவாளர், பிரிவு அலுவலர், உதவியாளர், தட்டச்சர், அலுவலக உதவியாளர் என்று அடுக்கு இறங்குகிறது. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகமும், 1966இல் பிறந்த மதுரை காமராசர் பல்கலைக்கழகமும், 1982இல் உருவான பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களும் ஏராளமான கல்லூரிகளுக்கு இணைப்பு வழங்குபவை. இணைப்புக் கல்லூரியில் படிக்கும் மாணவர் பல்கலைக்கழகத்தின் வகுப்பறையில் உட்காருவதே இல்லை. அதன் பேராசிரியரைச் சந்திக்காமலே பட்டம் பெற்றுவிடுகிறார். அவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள உறவெல்லாம் நுழைவுச்சீட்டு, மதிப்பெண் பட்டியல், மறுமதிப்பீட்டு விண்ணப்பம், தற்காலிகச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் ஆகியவைதான். பின்னாளில் வெளிநாட்டு வேலைக்கோ அரசுப் பணிக்கோ போகும்போது மெய்த்தன்மைச் சான்று கேட்டு மறுபடியும் அதே அலுவலகத்தின் கதவைத் தட்டுகிறார். அவரைப் பொறுத்தவரை நிர்வாகப் பிரிவுதான் பல்கலைக்கழகம். அங்கே ஓர் இடம் காலியானால், அவருடைய விண்ணப்பம் நகரும் வேகம் குறைகிறது.

நிரந்தர நியமனம் நடக்காத இடங்களில் ‘பொறுப்பு’ அலுவலர்கள் அமர்த்தப்படுகிறார்கள். ஒரு துறையின் பேராசிரியர், தன் வகுப்புகளையும் ஆய்வு மாணவர்களையும் வைத்துக்கொண்டே பதிவாளர் பொறுப்பையும் சுமக்கிறார். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், நாளை இந்த நாற்காலியில் இருப்போமா என்று தெரியாத ஒருவர் நீண்டகால விளைவுள்ள கோப்புகளில் கையெழுத்திடத் தயங்குவது இயல்பு. அதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. முக்கியமான ஒரு பிரிவில் சிலரே நெடுங்காலம் நிலைத்திருந்து, அது வெளியே யாருக்கும் தெரியாமல் போவது. 2018இல் அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டில் முறைகேடு நடந்ததாக லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தபோது, தேர்வுப் பணியில் யார் யார் எந்தப் பொறுப்பில் இருந்தார்கள் என்ற கேள்வி தமிழ்நாடு முழுவதும் எழுந்தது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் தேர்வு, மறுமதிப்பீடு போன்ற பணிகளின் பொறுப்பாளர்கள் யார், எப்போதிலிருந்து இருக்கிறார்கள் என்பது வழக்குப் பதிவான பிறகு தேடிப் பிடிக்க வேண்டிய செய்தியாக இருக்கக் கூடாது.

சிதம்பரம் சொல்லும் பாடம்

பணியாளர் எண்ணிக்கை மறைவில் இருந்தால் என்ன நேரும் என்பதற்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைவிடப் பெரிய சான்று இல்லை. 1929இல் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் உருவாகி, தமிழிசைக்கும் தமிழாய்வுக்கும் பெரும்பணி ஆற்றிய நிறுவனம் அது. 2012இன் இறுதியில் சம்பளம் கொடுக்கவே திணறும் நிலைக்கு அது வந்தபோதுதான், ஆசிரியர்களும் அலுவலர்களுமாகப் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிய பணியாளர் எண்ணிக்கை வெளியுலகில் பெரிதாகப் பேசப்பட்டது. தேவைக்கு மீறி ஆள் சேர்த்தது ஒரே நாளில் நடந்திருக்க முடியாது. ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வந்தது. அந்தந்த ஆண்டிலேயே அந்தக் கணக்கு பொதுவெளிக்கு வந்திருந்தால் கேள்வியும் அப்போதே எழுந்திருக்கும். 2013இல் தமிழக அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரை நிர்வாகியாக நியமித்தது. அதே ஆண்டில் தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உபரி என்று கணக்கிடப்பட்டவர்கள் பிறகு பணிநிரவல் மூலம் அரசுக் கல்லூரிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். இதில் பெருந்துன்பம் அடைந்தவர்கள் அந்தப் பணியாளர்களே. முறையான கணக்கில்லாமல் ஆள் சேர்த்த முடிவு அவர்களுடையதல்ல. குடும்பத்தைச் சிதம்பரத்தில் விட்டுவிட்டு வெளியூருக்குப் போய் வேலை பார்க்க வேண்டிய நிலை மட்டும் அவர்கள் தலையில் விழுந்தது.

சென்னையிலும் மதுரையிலும் வேறு வடிவத்தில் இதே சிக்கலைப் பார்க்கிறோம். பல்கலைக்கழகங்களின் மானியம் குறித்துச் சர்ச்சை எழும்போதெல்லாம் தணிக்கைத் தடைகள் முன்னுக்கு வருகின்றன. அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, உண்மையில் பணியில் இருப்பவர் எத்தனை பேர் என்ற கணக்கில் அரசும் பல்கலைக்கழகமும் ஒத்துப்போகாததும் அவற்றுள் ஒன்று. அரசு நிதி சுருங்கியதன் விளைவு, 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியபோது ஊரறியத் தெரிந்தது. சுமார் 424 கோடி ரூபாய் வரி பாக்கி என்றது அத்துறை. வருவாயில் பெரும்பகுதி அரசு நிதியாக இருந்தால்தான் வரிவிலக்கு பொருந்தும் என்பது இதற்கான அடிப்படை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 2023, 2024 ஆண்டுகளில் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உரிய நாளில் கிடைக்காமல் போராட்டத்தில் இறங்கினார்கள். மானியக் குறைப்பு, கட்டண வருவாய், ஓய்வூதியச் சுமை என்று இதற்குக் காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் பணியாளர் பட்டியலின் மேல் சுமத்துவது நியாயமல்ல. ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட, எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு பணியிடக் கணக்கு இருந்தால், குறைந்தபட்சம் எண்ணிக்கையைப் பற்றிய தகராறாவது தீரும். அப்போது அரசு எவ்வளவு தர வேண்டும் என்ற உண்மையான விவாதத்துக்கு வர முடியும்.

சட்டம் கேட்பது என்ன?

இது புதிய கோரிக்கை அல்ல. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், நான்காம் பிரிவில், ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டிய பதினேழு வகை விவரங்களைப் பட்டியலிடுகிறது. அலுவலர்கள், ஊழியர்களின் பெயர்ப் பட்டியல் அவற்றுள் ஒன்று. அவர்கள் பெறும் மாத ஊதியம் இன்னொன்று. ஒவ்வோர் அலுவலருக்கும் உள்ள அதிகாரம், கடமை, ஒரு முடிவு எந்தெந்த மேசை வழியாக எடுக்கப்படுகிறது, மேற்பார்வை யாருடையது என்பவையும் அதில் அடங்கும். இவற்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். மக்கள் மனுப்போட்டுக் கேட்கும் தேவை குறையும் அளவுக்கு, குறிப்பிட்ட இடைவெளிகளில் தாமாகவே தகவல்களை வெளியிட முயல வேண்டும் என்றும் அதே பிரிவு அறிவுறுத்துகிறது. மாநிலச் சட்டங்களால் உருவான பல்கலைக்கழகங்கள் எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை. ஆண்டுக்கு ஒரு முறை என்பது சட்டம் வைத்த கீழ்வரம்பு. பருவத்தேர்வு முறையில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேர்வும் முடிவும் வருகிற இடத்தில், ஆண்டு இறுதியில் புதுப்பிக்கப்படும் பட்டியல் மாணவருக்கு உதவாது; மாதக் கணக்கே பொருத்தமானது.

ஊழியர்களின் அந்தரங்கம் பாதிக்கப்படாதா என்பது முதல் எதிர்ப்பு. மதிக்க வேண்டிய கேள்வி. 2012இல் கிரிஷ் ராம்சந்திர தேஷ்பாண்டே வழக்கில், ஓர் அரசு ஊழியருக்குக் கொடுக்கப்பட்ட குறிப்பாணை, விளக்கக் கடிதம், சொத்து விவரம், வருமான வரிக் கணக்கு ஆகியவை தனிப்பட்ட தகவல்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பாதுகாப்பை மேலும் இறுக்கியது. ஆனால் இங்கே கேட்பது ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பையோ, மருத்துவ விடுப்புக்கான காரணத்தையோ, வீட்டு முகவரியையோ அல்ல. பதவி என்ன, அதில் யார் இருக்கிறார், எந்தத் தேதியிலிருந்து, என்ன வேலை பார்க்கிறார் என்பவை பதவியைச் சேர்ந்த விவரங்கள். இவற்றைக் கட்டாயம் வெளியிடச் சொல்லும் நான்காம் பிரிவை 2023இன் சட்டம் திருத்தவில்லை. ஒருவர் ஏன் மாற்றப்பட்டார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாற்றப்பட்டார் என்பதையும் அந்த வேலையை இனி யார் பார்ப்பார் என்பதையும் சொன்னால் போதும்.

எல்லாம் கணினிமயமான பிறகு அலுவலர் யார் என்பதில் என்ன இருக்கிறது என்று இன்னொரு வாதம் வருகிறது. டிஜிலாக்கரில் சான்றிதழ் கிடைக்கிறது, கட்டணம் இணையத்தில் செலுத்தப்படுகிறது என்பதெல்லாம் உண்மையான முன்னேற்றம். ஆனால் டிஜிலாக்கரில் ஏறும் மதிப்பெண்ணைச் சரிபார்த்து ஏற்றுபவர் ஓர் ஊழியர்தான். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் பள்ளிச் சான்றிதழோடு ஒப்பிட்டுத் திருத்த உத்தரவு போடுபவரும் ஓர் அலுவலர்தான். பல பத்தாண்டுகளுக்கு முன் பட்டம் பெற்றவருக்கு மெய்த்தன்மைச் சான்று வேண்டுமென்றால், பழைய பதிவேட்டின் எந்தத் தொகுதியைப் புரட்டுவது என்று தெரிந்த ஒருவர் பதிவறையில் இருக்க வேண்டும். 2011இல் உச்ச நீதிமன்றம் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வெழுதியவருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்த உரிமை நடைமுறைக்கு வர, கட்டுக்கட்டான விடைத்தாள்களிலிருந்து உரியதை எடுத்துக் கொடுக்கும் ஆள் தேவை. கணினி வேலையின் தன்மையை மாற்றியிருக்கிறது. பொறுப்பேற்கும் மனிதரின் இடத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை. அனுபவமுள்ள ஒருவர் வேலையை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்காமலே ஓய்வுபெற்றால் ஏற்படும் இழப்பை எந்த மென்பொருளும் ஈடுகட்டாது. அடுத்த ஓராண்டில் யார் யார் ஓய்வுபெறப் போகிறார்கள் என்பது நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிந்த விஷயம். அதை வெளியிடுவது, வாரிசை உரிய காலத்தில் தயார்படுத்தும் கட்டாயத்தை நிர்வாகத்துக்கு உண்டாக்கும்.

பட்டியல் போட்டால் காலியிடம் நிரம்பிவிடுமா என்று கேட்பவர்களும் உண்டு. நிரம்பாது. நியமனத்துக்கு அரசின் ஒப்புதலும் பணமும் ஆட்சிக்குழுவின் தீர்மானமும் வேண்டும். ஆனால் ஒரு காலியிடம் எத்தனை மாதமாகக் கிடக்கிறது என்பது வெளியே தெரிந்தால், அதைப் பற்றிக் கேட்க மாணவருக்கும் பெற்றோருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஓர் ஆதாரம் கிடைக்கிறது. நிரந்தரப் பணியிடத்தின் வேலையைத் தொகுப்பூதியத்திலும் ஒப்பந்தத்திலும் இருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்துவருவதும் வெளிச்சத்துக்கு வரும். ஏற்கெனவே ஆள் குறைவு, இதில் இன்னொரு வேலையா என்ற சலிப்புக்கும் விடை உண்டு. சம்பளப் பட்டியல் மாதந்தோறும் தயாராகியே ஆக வேண்டும். அதற்குத் தேவையான பணியிடக் கணக்கும் அதே மேசையில் இருக்கிறது. அதிலிருந்து பெயர், பதவி, பிரிவு, பொறுப்பேற்ற நாள், நிரந்தரமா பொறுப்பா ஒப்பந்தமா என்ற விவரங்களை எடுத்து வெளியிடப் புதிதாக ஒரு பிரிவு தொடங்க வேண்டியதில்லை.

இந்த மாத அறிக்கையில் ஊழியர்களின் நல்ல செய்திகளுக்கும் இடம் வேண்டும். பதவி உயர்வு பெற்றவர், துறைத் தேர்வில் தேறியவர், முப்பதாண்டு பணி முடித்து ஓய்வுபெறுபவர் ஆகியோரின் பெயர்கள் ஊரறிய வருவது அவர்கள் உழைப்புக்குச் செய்யும் மரியாதை. தேர்வு முடிவுகள் குறித்த நாளில் வெளிவரும்போது பாராட்டு துணைவேந்தருக்குப் போகிறது; தாமதமானால் பழி பெயர் தெரியாத ‘அலுவலக’த்தின் மீது விழுகிறது. ஐந்து பேர் செய்ய வேண்டிய வேலையை இரண்டு பேர் செய்துகொண்டிருக்கும் பிரிவைச் சோம்பேறிகளின் கூடம் என்று திட்டுவது, உண்மை தெரியாததால் இழைக்கப்படும் அநீதி. பணியிடக் கணக்கு வெளியே இருந்தால் பழி சரியான இடத்துக்குப் போகும். ஆள் இருந்தும் வேலை நடக்காவிட்டால் அந்தப் பிரிவு பதில் சொல்லட்டும். ஆளே இல்லாவிட்டால் நியமிக்க மறுத்தவர்கள் பதில் சொல்லட்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ வேண்டியதில்லை. ஆட்சிக்குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம், அதை நிறைவேற்றப் பதிவாளர் பிறப்பிக்கும் ஓர் ஆணை, இவை போதும். பொதுப்பணத்திலும் மாணவர் கட்டணத்திலும் நடக்கும் நிறுவனங்களிடம் இதைக் கேட்பது நம் உரிமை. முதலில் முன்வரும் பல்கலைக்கழகம் மற்றவற்றுக்கு வழிகாட்டியாக இருக்கும்.