மின்வண்டிச் சார்ஜரும் மின்கம்பியின் கனமும்

நூல் மூட்டைகளையும் விளைபொருள்களையும் ஏற்றிச் செல்ல மின்சார ஆட்டோ வாங்கும் அங்கத்தினர், வண்டியின் விலையைப் பலமுறை ஆராய்கின்றனர். அதற்கு மின்சாரம் ஏற்றும் கம்பியைப் பற்றியோ எவரும் கேட்பதில்லை. சுவரிலுள்ள பிளக்கில் செருகினால் போதும் என்ற எண்ணம் அபாயகரமானது.

வீட்டிலுள்ள கிரைண்டர் சிறிது நேரமே ஓடும். சார்ஜரோ பல மணி நேரம், பெரும்பாலும் அனைவரும் உறங்கும் இரவில், முழு மின்னோட்டத்தையும் இழுக்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். அருகிலேயே நூல் கிடங்கு இருப்பின், அதன் விளைவை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

கணக்கு எளியது. சார்ஜரின் வாட் அளவை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து ஓடும் சுமைக்குக் கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க மின்விதி. நாமும் அதைக் கைக்கொள்வது நன்று.

சுவரில் நிலையாகப் பொருத்தும் 3,300 வாட் சார்ஜர் 14.3 ஆம்பியர் இழுக்கும். கால் பங்கு கூட்டினால் ஏறக்குறைய 18. ஆகவே 20 ஆம்பியர் பிரேக்கரும், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் பொருந்தும். 16 ஆம்பியர் பிளக்கின் வழியே ஏற்றுவோர், 16 ஆம்பியருக்கு மேற்பட்ட பிரேக்கரைப் போடலாகாது, பிளக் தாங்காது.

7,400 வாட் சார்ஜருக்கு 32 ஆம்பியர். கால் பங்கு சேர்த்து 40. குழாயினுள் செல்லும் 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 30 டிகிரி வெப்பத்தில் 41 ஆம்பியர் தாங்கும். நமது கோடையின் 40 டிகிரியிலோ 36 ஆம்பியர்தான் தாங்கும். எனவே 40 ஆம்பியர் பிரேக்கருக்கு அது போதாது. 10 சதுர மில்லிமீட்டர் வேண்டும். மீட்டரிலிருந்து 30 மீட்டர் தூரமெனில் அக்கம்பியில் 4 வோல்ட் குறையும். 100 மீட்டரெனில் 14 வோல்ட் குறையும். அப்போது இன்னும் கனமான கம்பி அவசியம்.

பிரேக்கர் காப்பது முதலில் கம்பியையே என்பதை மறக்கலாகாது. நாம் பார்வையிட்ட ஒரு சங்கத்தில், பிரேக்கர் அடிக்கடி விழுகிறதென்று 16 ஆம்பியரை நீக்கி 32 ஆம்பியர் பொருத்தியிருந்தனர். கம்பியோ பழைய 2.5 சதுர மில்லிமீட்டர். பிரேக்கர் விழுவது நின்றது. கம்பியின் உறை பழுப்பேறியது. காவலன் கூவுகிறானென்று அவனை நீக்கியதற்கு ஒப்பாகும் இது. பிரேக்கர் விழுந்தால் காரணத்தைத் தேடுக. பெரிய பிரேக்கரைத் தேடற்க.

மனித உயிரைக் காப்பது வேறொரு கருவி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒவ்வொரு சார்ஜருக்கும் தனியே வேண்டும். வீட்டில் வழக்கமாகப் போடும் ஏ.சி. வகை இதற்கு ஏற்றதன்று. ஏ வகையோ, சார்ஜர் தயாரிப்பாளர் கூறினால் பி வகையோ வாங்க வேண்டும். நல்ல எர்த்தும் இன்றியமையாதது.

வேலை தொடங்குமுன், அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் விசாரித்து, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடமே பணியை ஒப்படைக்க வேண்டும். அவர் தரும் மதிப்பீட்டில் ஆம்பியர், கம்பியின் கனம், தூரம் ஆகிய மூன்றும் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்த பின்னரே நிர்வாகக் குழு கையொப்பமிடுவதாக. கம்பியில் மிச்சம் பிடிக்கும் சில ஆயிரம் ரூபாய், கிடங்கிலுள்ள நூலுக்கு ஈடாகாது.